குடிசையிலிருந்து கண்ணாடிப் பெட்டிக்கு: ஆபிரிக்க வீட்டுப் பாம்பின் கதை

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம்மவர் பழமொழி. ஆனால் மனிதன் பாம்பைக் கண்டு நடுங்கியே காலங்கழித்தான் என்று வரலாறு கூறவில்லை. கண்டவுடன் தடியெடுத்தவனும் உண்டு. கைகூப்பித் தொழுதவனும் உண்டு. போத்தலில் அடைத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டியவனும் உண்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து வாரந்தோறும் சுண்டெலி கொடுத்து வளர்ப்பவனும் உண்டு. இந்த நான்கு வகை மனிதரையும் சந்தித்த பாம்பு ஒன்று இருக்கிறது. ஆபிரிக்க வீட்டுப் பாம்பு என்பது அதன் பெயர்.

இன்று பிரித்தானியாவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் அமெரிக்காவிலும் செல்லப் பிராணியாகப் பாம்பு வளர்ப்போர் மத்தியில் இதற்கு ஓர் இடமுண்டு. ஆனால் மலைப்பாம்பைப் போலவோ நாகத்தைப் போலவோ இது பெரும் புகழ் பெற்றதில்லை. கபில நிறம், வழுவழுப்பான உடல், வெளிச்சத்தில் எண்ணெய் பூசியது போன்ற மினுமினுப்பு. மூக்கு நுனியிலிருந்து கண்ணின் மேலாகவும் கீழாகவும் பின்னோக்கிச் செல்லும் வெளிறிய கோடுகளே இதன் அடையாளம். ஆண் பாம்பு பெரும்பாலும் இரண்டரை அடியைத் தாண்டுவதில்லை. பெண்ணோ நான்கு அடி வரை வளரும். நஞ்சு கிடையாது. எலியைப் பிடித்தால் உடலாற் சுற்றி நெரித்துக் கொன்று விழுங்கும். பகலில் மறைவிடத்தில் உறங்கி இரவில் வேட்டைக்குப் புறப்படும்.

சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே ஆபிரிக்கக் கண்டத்தின் பெரும்பகுதியில் இப்பாம்புகளைக் காணலாம். மனிதன் தானியத்தைச் சேமிக்கத் தொடங்கினான். தானியத்தைத் தேடி எலி வந்தது. எலியைத் தேடிப் பாம்பு வந்தது. வீட்டுப் பாம்பு என்ற பெயருக்குக் காரணம் இதுவே. தென்னாபிரிக்காவின் ஆபிரிக்கான்ஸ் மொழியிலும் இதன் பெயருக்கு 'வீட்டுப் பாம்பு' என்றே பொருள். சூலு மொழியில் இதனை 'உம்சிங்காண்ட்லு' என்பர். அச்சொல்லின் ஈற்றில் நிற்கும் 'இண்ட்லு' என்பதற்கும் வீடு என்பதே பொருள்.

மன்னருக்கு மாம்பா, மற்றவருக்கு வீட்டுப் பாம்பு

இப்பாம்பு பற்றிச் சூலு மக்கள் கொண்டிருந்த நம்பிக்கையை எழுத்தில் பதித்தவர் ஹென்றி கலவே என்ற ஆங்கில மதகுரு ஆவார். மருத்துவராக இருந்து பாதிரியாராகிய இவர், 1850களின் நடுப்பகுதியில் இன்றைய தென்னாபிரிக்காவின் நேட்டால் பிரதேசத்துக்குச் சென்று ஸ்பிறிங்வேல் என்னுமிடத்தில் மிசன் ஒன்றை நிறுவினார். மதம் பரப்பச் சென்றவர்தாம். எனினும் தாம் மாற்ற விரும்பிய மக்களின் சமயம் எத்தகையது என்பதை அவர்களுடைய வாயாலேயே கேட்டு, சூலு மொழியிலேயே எழுதி, பக்கத்தில் ஆங்கில மொழிபெயர்ப்பையும் தந்தார். 1868 முதல் 1870 வரை பகுதிகளாக வெளிவந்த அவரது 'அமசூலு மக்களின் சமய முறைமை' என்ற நூல் இன்றும் ஆய்வாளர்கள் எடுத்துப் பார்க்கும் மூலாதாரமாகும். அவருக்குத் தகவல் தந்தவர்களில் முதன்மையானவர் உம்பெங்குலா உம்பண்டா என்ற சூலு கிறிஸ்தவர். அந்நூலின் பெருமையில் அவருக்கும் சரிபாதி உண்டு என்பதே நியாயம்.

இறந்த மூதாதையர் பாம்பு வடிவில் வீட்டுக்குத் திரும்பி வருவர் என்பது சூலு மக்களின் நம்பிக்கை. எல்லாப் பாம்பும் மூதாதையர் அல்ல. எந்தப் பாம்பு எவருடைய வடிவம் என்பதிலும் ஒரு வரிசை இருந்தது. கறுப்பு மாம்பாவாகவும் பச்சை மாம்பாவாகவும் மாறுகிறவர்கள் குலத்தலைவர்கள். சாதாரண குடிமக்களோ நஞ்சற்ற, அடக்கமான வேறு சில பாம்புகளாக மாறுவர். அவ்வாறு குடிமக்களுக்கு உரியதாகக் கலவேயின் நூல் குறிப்பிடும் பாம்புகளுள் ஒன்று உம்சிங்காண்ட்லு.

வீட்டுக்குள் நுழைந்த பாம்பு வெறும் பாம்பா மூதாதையரா என்று தெரிந்துகொள்ள அம்மக்கள் சில அடையாளங்களை வைத்திருந்தார்கள். அது எவ்வழியாக வந்தது? மனிதரைக் கண்டு அஞ்சுகிறதா, அமைதியாகக் கிடக்கிறதா? உடலில் தழும்பு உண்டா? உயிரோடிருந்த காலத்தில் விலாவில் தழும்புடன் வாழ்ந்தவர் அதே இடத்தில் தழும்புள்ள பாம்பாக வருவார் என்று கருதப்பட்டது. அடையாளம் பொருந்தினால் அப்பாம்பை எவரும் தீண்டமாட்டார்கள். அது தன் பாட்டிற் போய்விடும்.

இங்கே நமக்கும் ஒரு தொடர்பு உண்டு. கலவே ஸ்பிறிங்வேலில் இக்கதைகளைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்த அதே காலத்திற்றான், 1860 நவம்பர் 16 ஆம் திகதி, 'ட்றூரோ' என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 ஒப்பந்தக் கூலிகளுடன் டர்பன் துறையை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டு செல்லப்பட்ட அவர்களில் தமிழர் பலர். பாம்பை வணங்கும் மரபிலிருந்து சென்றவர்கள், பாம்பை மூதாதையராக மதிக்கும் மக்களின் மண்ணிற் போய் இறங்கினார்கள்.

போத்தலும் பெயர்ச்சீட்டும்

ஐரோப்பிய விஞ்ஞானம் இப்பாம்பைச் சந்தித்தது வேறு வழியில். கப்பல்களில் வந்த சாராயப் போத்தல்களுக்குள்ளே செத்த உடலாகவே அது அறிமுகமாகியது. சுவீடனின் லினேயஸ் 1758 இல், இக்கூட்டத்தைச் சேர்ந்த 'அரோரா' என்ற அழகிய பாம்புக்குப் பெயர் சூட்டினார். கபில நிற வீட்டுப் பாம்புக்கு 1827 இல் பெயரிட்டவர் ஜேர்மனியரான பொயி. அவர் அதனை 'லைக்கோடன்' என்ற பேரினத்தில் வைத்தார். லைக்கோடன் என்றால் ஓநாய்ப் பல் என்று பொருள். நம் நாட்டில் வீட்டுச் சுவர்களிலும் கூரைகளிலும் காணப்படும், கட்டுவிரியனென்று தவறாகக் கருதி அடித்துக் கொல்லப்படும் அந்த நஞ்சற்ற சிறு பாம்பும் லைக்கோடனே. ஆபிரிக்க வீட்டுப் பாம்பும் இலங்கை வீட்டுப் பாம்பும் ஒரு காலத்தில் விஞ்ஞானிகளின் ஏட்டில் ஒரே குடும்பப் பெயருடன் இருந்தன!

1854 இல் பிரெஞ்சு அறிஞர்களான டுமெரில், பிப்ரொன் ஆகியோரின் பெருநூலின் ஏழாவது தொகுதி வெளிவந்தபோது வீட்டுப் பாம்புக்குப் 'போஈடன்' என்ற தனிப் பேரினம் கிடைத்தது. பின்னர் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் 'லம்புரோபிஸ்' என்ற பேரினத்துடன் அது இணைக்கப்பட்டது. 2011 இல் வெளியான மரபணு ஆய்வொன்று மீண்டும் போஈடனைப் பிரித்தெடுத்தது. ஒரே பாம்பென்று நினைத்திருந்தவை உண்மையிற் பல இனங்கள் என்பதும் அதன் பின்னர் மேலும் தெளிவாகியது. இதனால் பெட்டிகளில் வளரும் பாம்புகள் பலவற்றின் பெயர்ச்சீட்டு சரியானதுதானா என்ற ஐயம் எழுந்தது. எந்த நாட்டில், எந்தப் பிரதேசத்திற் பிடிக்கப்பட்டது என்ற குறிப்பு இல்லாத பாம்புக்கு இன்று விஞ்ஞானிகளாலும் உறுதியாகப் பெயர் சொல்ல முடிவதில்லை.

கண்ணாடிக்கு விதித்த வரி

பாம்பை வீட்டில் வைத்து வளர்க்கும் வழக்கம் மேல்நாட்டில் எப்போது தொடங்கியது? இதற்கு விடை காணக் கண்ணாடியின் விலையைப் பார்க்க வேண்டும். பிரித்தானியாவில் கண்ணாடிக்கு விதிக்கப்பட்டிருந்த வரி 1845 இல் நீக்கப்பட்டது. அதற்கு முன்னரே, 1829 அளவில், லண்டன் மருத்துவர் நதானியேல் வார்ட் மூடிய கண்ணாடிப் பெட்டிக்குட் செடிகள் செழித்து வளரும் என்று கண்டுபிடித்திருந்தார். கண்ணாடி மலிந்ததும் நடுத்தர வர்க்கத்தின் வரவேற்பறைகளுக்கு அத்தகைய பெட்டிகள் வந்தன. முதலிற் பன்னச்செடி, பின்னர் மீன், அதற்குப் பின்னர் தவளையும் பல்லியும் பாம்பும்.

லண்டன் மிருகக்காட்சிச்சாலை 1849 இல் ஊர்வனவற்றுக்கென்றே ஒரு கட்டடத்தைத் திறந்தது. பொதுமக்கள் பார்வைக்கென அமைந்த இவ்வகைக் கட்டடங்களில் உலகில் இதுவே முதலாவது. மூன்றே ஆண்டுகளில் அங்கே ஒரு துயரம் நிகழ்ந்தது. 1852 ஒக்டோபரில், இரவு முழுவதும் மது அருந்திவிட்டு வேலைக்கு வந்த எட்வேர்ட் கேர்லிங் என்ற காவலர், நாகமொன்றைக் கையில் எடுத்து விளையாடினார். மூக்கிற் கடியுண்டார். அன்றே இறந்தார். நச்சுப் பாம்பு விளையாட்டுப் பொருளன்று என்ற பாடத்தை லண்டன் மாநகரம் அன்று கற்றுக்கொண்டது. நஞ்சற்ற சிறு பாம்புகளைத் தேடும் ஆர்வமோ குறையவில்லை. 1897 இல் பாதிரியார் பேற்மன் எழுதிய 'விவேரியம்' என்ற நூல் வீட்டில் ஊர்வன வளர்ப்போருக்கான வழிகாட்டியாக வெளிவந்தது. அமெரிக்க ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட்டின் மகள் அலிஸ், வெள்ளை மாளிகையிலேயே பச்சைப் பாம்பொன்றை வைத்திருந்தார். 'எமிலி ஸ்பினாச்' என்று அதற்குப் பெயர். எமிலி மெலிந்த அத்தையின் பெயர். ஸ்பினாச் என்றால் பசளிக்கீரை.

பாம்பு வளர்ப்பை விஞ்ஞான முறைக்குக் கொண்டுவந்ததில் ஜோன் புரொக்டர் என்ற பெண்மணியின் பங்கு பெரிது. சிறு வயதிலிருந்தே நோயாளி. பாடசாலைக் காலத்தில் முதலைக் குட்டி வளர்த்தவர். 1923 இல் லண்டன் மிருகக்காட்சிச்சாலையின் ஊர்வனப் பிரிவுக்குப் பொறுப்பாளரானார். அப்பதவியை வகித்த முதற் பெண் அவரே. 1927 இல் திறக்கப்பட்ட புதிய ஊர்வன இல்லத்தை அவரே திட்டமிட்டார். கட்டடம் முழுவதையும் ஒரே அளவிற் சூடாக்காது, ஒவ்வொரு கூட்டுக்கும் வேண்டிய வெப்பத்தைத் தனித்தனியே மின்சாரத்தால் வழங்கும் முறையை அமைத்தார். 1931 இல், 34 வயதில், அவர் மறைந்தார். இன்று பாம்பு வளர்க்கும் சிறுவன் பெட்டியின் ஒரு மூலையைச் சூடாகவும் மறுமூலையைக் குளிர்ச்சியாகவும் வைக்கிறான் என்றால், அவன் அறியாமலே அப்பெண்மணியின் வழியிற் செல்கிறான் எனலாம்.

போர்ட் எலிசபெத்தின் பாம்புப் பூங்கா

ஆபிரிக்க மண்ணில் இதே காலத்தில் வேறொரு முயற்சி நடந்தது. போர்ட் எலிசபெத் நகர நூதனசாலையின் பணிப்பாளராக 1906 இற் பதவியேற்ற பிரெட்ரிக் வில்லியம் பிற்ஸ்சைமன்ஸ், 1919 இல் அங்கே பாம்புப் பூங்காவொன்றை நிறுவினார். ஆபிரிக்காவில் அதுவே முதலாவது. அந்நகரம் 2021 இல் கெபெர்ஹா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

பிற்ஸ்சைமன்சின் நோக்கம் வேடிக்கை காட்டுவது மட்டுமன்று. பாம்புக் கடிக்கு மருந்து வேண்டும். மருந்துக்கு நஞ்சு வேண்டும். நஞ்சுக்கு உயிருள்ள பாம்பு வேண்டும். அதே வேளை எது நச்சுப் பாம்பு, எது நஞ்சற்றது என்பதைப் பொதுமக்கள் கண்ணாற் கண்டு அறியவும் வேண்டும். தென்னாபிரிக்கப் பாம்புகள் பற்றி அவர் எழுதிய நூல்கள் இந்த வேறுபாட்டைக் குடியேறிய விவசாயிகளுக்குக் கற்பித்தன. பூங்காவிற் பாம்புகளைக் கையாண்டு பார்வையாளருக்குக் காட்டி உலகப் புகழ் பெற்றவர் ஜொஹான்னஸ் மொலிகோ என்ற கறுப்பினத் தொழிலாளி. வாழ்நாளிற் பல முறை கடியுண்டு பிழைத்தவர். நூல்களில் ஆசிரியர் பெயர் பிற்ஸ்சைமன்ஸ் என்றுதான் இருக்கும். ஆனால் பாம்பைப் பிடித்த கை மொலிகோவின் கை. கலவேயின் நூலுக்குப் பின்னால் உம்பண்டா நின்றதைப் போன்றதே இதுவும்.

கணக்கில் வராத பாம்பு

இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் பாம்பு வளர்ப்பு ஒரு வணிகமாகியது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த மருத்துவர் பேர்னாட் பெக்டெல், நிறமி இழந்த சோளப் பாம்பொன்றிலிருந்து 1961 இல் அதே நிறக் குஞ்சுகளைப் பொரிக்க வைத்தார். பாம்பின் நிறமும் மெண்டலின் மரபு விதிப்படியே வருகிறது என்பது நிறுவப்பட்டது. நிறத்துக்கு நிறம் விலை வைக்கும் சந்தைக்கும் அதுவே வாசலைத் திறந்தது.

1973 இற் கைச்சாத்தாகி 1975 இல் நடைமுறைக்கு வந்த சைற்றிஸ் உடன்படிக்கை, மலைப்பாம்பு வகைகள் அனைத்தையும் தன் அட்டவணையிற் சேர்த்தது. அதன் பயனாக இன்று நம்மிடம் ஒரு கணக்கு உண்டு. மேற்கு ஆபிரிக்காவின் டோகோ, கானா, பெனின் நாடுகளை முக்கிய வாசலாகக் கொண்டு 1975 இன் பின்னர் ஏற்றுமதியான உருண்டை மலைப்பாம்புகள் 30 இலட்சமளவில் இருக்கும். பெனினின் உய்டா நகரில் அதே பாம்பு கோயிலில் வைத்து வழிபடப்படுகிறது என்பதை நினைவிற் கொண்டால் இத்தொகையின் பொருள் விளங்கும்.

ஆனால் வீட்டுப் பாம்பு அந்த அட்டவணையில் இல்லை. ஆகவே எத்தனை பிடிக்கப்பட்டன, எத்தனை வழியில் இறந்தன, எத்தனை சந்தைக்குப் போய்ச் சேர்ந்தன என்பதற்கு அத்தகைய கணக்கும் இல்லை. அருகிப்போன பாம்பன்று என்பதால் எவரும் கவலைப்படவில்லை. குலத்தலைவருக்குக் கிடைக்கும் கணக்கு குடிமகனுக்குக் கிடைப்பதில்லை போலும்!

பெட்டிக்குள் வந்தபின் இப்பாம்பு வளர்ப்போரை ஏமாற்றவில்லை. 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரையான வெப்பம், ஒளிந்திருக்க ஓரிடம், தண்ணீர்ச் சட்டி, உறைய வைத்துப் பின் இளக்கிய சுண்டெலி. இவை போதும். இரவுப் பிராணியாதலால் கடும் வெளிச்சம் வேண்டாம். 15 ஆண்டுகள் வரை வாழும். இனப்பெருக்கமோ மிக எளிது. ஒரு தடவைக்கு 8 முதல் 18 முட்டைகள் வரை இடும். இரண்டு, மூன்று மாதங்களிற் குஞ்சு பொரிக்கும். நல்ல உணவு கிடைத்தால் ஆண்டுக்குப் பல தடவை முட்டையிடும். இந்த இயல்பினாலேயே அமெரிக்க ஆய்வுகூடங்களிலும் இது இடம்பிடித்தது. கரு வளர்ச்சியின் படிநிலைகளை விவரிக்கும் ஆய்வொன்று 2012 இல் இப்பாம்பைக் கொண்டே வெளியானது.

வளம் என்று புகழப்படும் அதே இயல்பு பாம்புக்கு ஆபத்தாகவும் முடியும். ஆணும் பெண்ணும் எந்நேரமும் ஒரே பெட்டியில் இருந்தால், பெண் இடைவிடாது முட்டையிட்டு உடல் வற்றி இளம் வயதிலேயே மடிந்துபோகும். அனுபவமுள்ளோர் இரண்டையும் பிரித்தே வைப்பர். பிடிக்கப்படும் காட்டுப் பாம்புகளைவிடப் பெட்டியிற் பிறக்கும் குஞ்சுகள் மலிவாகக் கிடைப்பது காட்டுக்கு நன்மையே. மலிவான உயிர் எளிதிற் கைவிடப்படும் என்பதும் உண்மையே. கைவிடப்பட்ட செல்லப் பாம்புகள் என்ன செய்யும் என்பதற்கு உலகில் உதாரணங்கள் உள்ளன. புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் 2000 ஆம் ஆண்டளவில் பர்மிய மலைப்பாம்பு நிலைகொண்டுவிட்டது உறுதியானது. அங்கே சிறு விலங்குகள் பெருமளவில் அருகிவிட்டன. ஸ்பெயினின் கிரான் கனாரியா தீவில், செல்லப் பிராணிகளாக வந்த கலிபோர்னிய அரசப் பாம்புகளின் வழித்தோன்றல்கள், அத்தீவுக்கே உரிய பெரும் பல்லியினத்தை விழுங்கி வருகின்றன.

இன்னொரு முரணையும் குறிப்பிடாமல் விடமுடியாது. லண்டனில் ஒரு சிறுவன் ஆபிரிக்க வீட்டுப் பாம்பை வைத்திருக்க அனுமதிப்பத்திரம் எதுவும் வேண்டியதில்லை. 1976 இல் அங்கே கொண்டுவரப்பட்ட ஆபத்தான வனவிலங்குச் சட்டம் இதனைத் தொடவில்லை. ஆனால் அப்பாம்பு பிறந்த தென்னாபிரிக்காவிலோ, சுதேச ஊர்வனவற்றை வளர்க்க மாகாண இயற்கைப் பாதுகாப்புச் சட்டங்களின்படி அனுமதி பெறவேண்டும். சட்டத்தின் நோக்கம் நல்லதே. காட்டிலிருந்து பிடிப்பதைத் தடுக்கவே அது பிறந்தது. எனினும் தன் வீட்டுக் கூரையில் வாழும் பாம்பைப் பற்றி ஆபிரிக்கச் சிறுவனைவிட ஐரோப்பியச் சிறுவன் அதிகம் அறிந்திருக்கும் நிலை, வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்றாகும்.

அடிக்கும் முன் பார்த்தவர்கள்

கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் வீட்டுப் பாம்பு நன்றாகவே இருக்கிறது. கவலைக்குரியது கூரையிலிருக்கும் பாம்பே. ஆபிரிக்கக் கிராமங்களில் நஞ்சற்ற பாம்பும் நச்சுப் பாம்பும் ஒரே தடியால் அடிபடுகின்றன. அடிப்பவரைக் குறை கூறுவதும் எளிதன்று. பாம்புக் கடி ஏழை விவசாயியின் நோய். உலக சுகாதார நிறுவனம் 2017 இற்றான் அதனைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் முன்னுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. மருத்துவமனை தொலைவில், மருந்து விலை அதிகம், இருளில் நெளிவது எது என்று யார் நின்று பார்ப்பார்?

ஆனால் சூலு முதியவர்கள் நின்று பார்த்தார்கள். கலவேயின் நூலைப் படிக்கும்போது மூதாதையர் நம்பிக்கையைவிட என்னைக் கவர்ந்தது இதுவே. நிறம் என்ன, வந்த வழி என்ன, நடத்தை என்ன, தழும்பு உண்டா என்று பார்த்த பின்னரே தடியெடுப்பதா விடுவதா என்று முடிவு செய்தார்கள். அதற்கு அவர்கள் சொன்ன காரணம் சமயம். அதனால் விளைந்த பயன் தானியக் காவல். மாம்பாவையும் வீட்டுப் பாம்பையும் பிரித்தறியத் தெரியாத சமூகம் அத்தகைய வரிசையொன்றை வகுத்திருக்கவே முடியாது.

இந்த அறிவு நமக்கும் வேண்டியதே. நம் கிராமங்களில் நஞ்சற்ற லைக்கோடனைக் கட்டுவிரியனென்று எண்ணி அடிக்கிறோம். அதனால் ஒரு பாம்பின் உயிர் போகிறது. கட்டுவிரியனை லைக்கோடனென்று எண்ணினால் மனித உயிர் போகும். இரவில் நிலத்திற் படுத்துறங்குவோரைக் கடிப்பது அதுவேயாகும். ஆகவே தெரியாத பாம்பைக் கையால் தொடுவதும் தவறு, தடியால் தொடுவதும் தவறு. பாடசாலைப் பிள்ளை ஒவ்வொன்றும் தன் ஊரின் பாம்புகளைப் படத்திலேனும் பார்த்துப் பெயர் சொல்லப் பழகவேண்டும். பிற்ஸ்சைமன்ஸ் 1919 இற் பூங்கா அமைத்தது அதற்காகவும்தான். உம்பண்டாவின் மக்கள் பூங்கா இல்லாமலே அதைச் செய்திருந்தார்கள்.